மழையில் காயப்போட்ட மஞ்சள் போர்வை

இரண்டு பெரிய கடல்களுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் அந்தத் தண்ணீரைக் கழுத்து என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உலகத்துச் சாமானில் பாதி அது வழியாகத்தான் போகிறது என்று பெருமையடிக்காத ஆள் அங்கே கிடையாது. பாதியோ கால்வாசியோ, எண்ணெய்க் கப்பல், கோதுமைக் கப்பல், கார்களை அடுக்கிக்கொண்டு வரும் கப்பல் என்று ஓய்வு ஒழிச்சல் இல்லாமல் போய்க்கொண்டே இருக்கும். ஒரு தெருவையே பெயர்த்து நிமிர்த்தி வைத்ததுபோல ஒவ்வொன்றும் அவ்வளவு உயரம். வீட்டு ஜன்னலில் நின்று பல் விளக்கிக்கொண்டே கப்பல்காரனுக்குக் கை காட்டலாம். அவனும் பல் விளக்கிக்கொண்டிருந்தால் பிரஷ்ஷைத் தூக்கிக் காட்டுவான்.

கரையை ஒட்டிச் செங்குத்தான மலை. உச்சியில் கண்ணாடி பதித்த கண்காணிப்புக் கோபுரம். கோபுரத்துக்குக் கீழே, சரிவில், தண்ணீரைப் பார்த்தபடி வரிசையாக மாடி வீடுகள். அதில் நடு வீட்டு மருமகள்தான் கோபுரத்தில் அதிகாரி. கழுத்துக்குள் நுழையும் ஒவ்வொரு கப்பலையும் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டு, நீ முன்னால் போ, நீ கொஞ்சம் பொறு, நீ வலப்பக்கம் ஒதுங்கு என்று சொல்வது அவள் வேலை. அத்தனை பெரிய கப்பல்களும் அவள் சொன்னபடி கேட்கும். வீட்டில்தான் அவள் பேச்சு எடுபடாது. தெருவில் அவளுக்குக் கோபுரத்தம்மா என்று பெயர்.

அவள் புருஷன் தண்ணீர்ப் படகுக்காரன். கழுத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு முறைக்காகக் காத்துக்கிடக்கும் கப்பல்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பான். வயிறு முழுக்கத் தொட்டி வைத்த பழைய படகு. அதன் இன்ஜினுக்கு ஒரு விக்கல் உண்டு. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் ஒரு நொடி நின்று, தொண்டையில் எதுவோ சிக்கினதுபோல ஒரு சத்தம் கொடுத்து, மறுபடி ஓடும். எத்தனையோ மெக்கானிக்குகள் கழற்றிப் பார்த்து, கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்கள். விக்கல் அது பாட்டுக்கு இருக்கிறது.

ஊர்ப்பட்ட இன்ஜின் சத்தத்துக்கு நடுவே அந்த விக்கலைக் காதால் பிடிக்கக்கூடிய ஒரே ஆள் அவனைப் பெற்றவள். அடுப்படியில் மீன் பொரிந்துகொண்டிருந்தாலும் சரி, ரேடியோ அலறிக்கொண்டிருந்தாலும் சரி, படகு கீழே வளைவுக்கு வந்ததும் காது நிமிர்ந்துவிடும். உடனே மாடிக்கு ஓடி, கயிற்றில் மஞ்சள் போர்வையைப் போட்டுவிடுவாள். அந்த வரிசையில் எல்லா வீட்டிலும் இப்படி ஒரு துணிப்பேச்சு உண்டு. தண்ணீரில் வேலை செய்யும் ஆட்களுக்குக் கையைத் துடைத்துக்கொண்டு போன் எடுக்க ஏது நேரம்? தலையைத் தூக்கினால் தெரிகிற மாதிரி துணியைக் கட்டிவிட்டால் முடிந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு வழக்கு. இந்த வீட்டில் சிவப்பு என்றால் போட்டது போட்டபடி ஓடி வா. மஞ்சள் என்றால் உன் சத்தம் கேட்டுவிட்டது, தட்டு வைத்தாயிற்று, வா. அவனும் கீழிருந்து பார்த்துவிட்டு இரண்டு தடவை ஹாரன் அடிப்பான்.

மாடியில் இரண்டு கயிறு. தண்ணீரைப் பார்த்த பக்கம் முன்கயிறு; அது மஞ்சளுக்கும் சிவப்புக்கும். படிக்கட்டு அறைக்குப் பின்னால், மலையைப் பார்த்த பக்கம் பின்கயிறு. அது மருமகளின் யூனிஃபார்முக்கு. முன்கயிற்றில் போட்ட போர்வை கோபுரத்திலிருந்து பார்த்தால் படிக்கட்டு அறை மறைத்து ஒரு ஓரம் மட்டும்தான் தெரியும். பின்கயிறு படகுக்காரன் கண்ணில் படவே படாது.

யூனிஃபார்மைத் துவைத்துக் கஞ்சி போடுவது மாமியார்தான். யாரும் செய்யச் சொல்லவில்லை. செய்துவிட்டு நாள் முழுக்கத் திட்டுவாள்.

"இது என்னம்மா துணி? கஞ்சியைக் கொட்டக் கொட்டக் குடிக்குது. உன் கவர்மெண்டுக்கு வேற துணியே கிடைக்கலையா?"

"விடுங்க அத்தை, நானே தோச்சுக்கறேன்."

"தோச்ச லட்சணத்தைத்தான் பார்த்தேனே. காலர் தலைகுனிஞ்சு நின்னுச்சு. நாலு நாட்டுக் கப்பலைக் கூப்பிட்டுப் பேசறவ, காலர் நிமிர்ந்து நிக்க வேண்டாமா?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து இரண்டு பேருக்கும் இப்படித்தான். சண்டையும் இல்லை, சமாதானமும் இல்லை. ஒருத்தி சொன்னதற்கு மற்றவள் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னால்தான் இருவருக்கும் சாப்பாடு இறங்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வீட்டில்தான் தலைநகரத்திலிருந்து வந்த அதிகாரி ஒருவர் கல்லெறிந்தார். காதில் எப்போதும் பென்சில் சொருகியிருப்பார். அதனால் வந்த அன்றைக்கே பென்சில் சார் ஆகிவிட்டார். நல்ல மனிதர். டீயில் சர்க்கரை போதவில்லை என்றால் கூச்சப்படாமல் கேட்டு வாங்கிக்கொள்வார். நாட்டின் கடல்வழிகளை எப்படிக் காப்பது என்று புதிதாகத் திட்டம் எழுதுகிறார்கள். அந்த வேலையாக வந்திருந்தார். கோபுரத்தில் உட்கார்ந்து கப்பல்களைப் பார்த்தபடி சொன்னார்:

"பெரிய கப்பலைப் பத்தி எங்களுக்குப் பயமே இல்ல மேடம். அது வர்றது ஊருக்கே தெரியும். ஒரு சின்னப் படகு, அதுல ஒரு கண்ணிவெடி. கழுத்தோட குறுகலான இடத்துல உருட்டி விட்டுட்டுப் போயிட்டான்னு வைங்க. அது வெடிக்கக்கூட வேண்டாம். அங்க இருக்குன்னு ஒரு சந்தேகம் வந்தாலே போதும். ஒரு கப்பலும் உள்ள வராது. இன்சூரன்ஸ்காரன் விடமாட்டான். தண்ணியைச் சல்லடை போட்டுத் தேடி முடிக்கிறதுக்குள்ள எத்தனையோ நாட்டுல அடுப்பு அணைஞ்சுடும்."

"புரியுது சார். அதைத் தடுக்க என்ன திட்டம்?"

"அங்கதான் எங்களுக்குள்ளயே அடிதடி. பாதிப் பேரு, கோபுரமெல்லாம் மூடிட்டு எல்லாத்தையும் தலைநகரத்துல ஒரே ஹாலுக்குக் கொண்டு போயிடலாம்னு சொல்றாங்க. சாட்டிலைட் படம் வருது, பெரிய பெரிய திரை இருக்கு, அங்கிருந்தே பார்த்துக்கலாம்னு. மீதிப் பேரு, கரையில ஒரு ஆள் இருந்தே ஆகணும்னு சொல்றோம். நான் இந்தப் பக்கம். ஆனா வெறுமனே சொன்னா யாரு கேட்பா? அதான் ஒத்திகை."

ஒத்திகை இப்படி: ஒரு படகு எதிரியாக நடிக்கும். அதில் சிவப்புப் பெயிண்ட் அடித்த காலி டிரம் ஒன்று, அதுதான் கண்ணிவெடி. விடிந்ததிலிருந்து பொழுது சாய்வதற்குள் அந்தப் படகு யாருக்கும் தெரியாமல் குறுகலான இடத்துக்கு வந்து டிரம்மைத் தண்ணீரில் போட்டுவிட்டால் கோபுரம் தோற்றது. போடுவதற்கு முன் அது இருக்கும் இடத்தைக் கோபுரம் சொல்லிவிட்டால் கோபுரம் ஜெயித்தது. ஒருமுறை தப்பாகச் சொல்லலாம். மறுபடியும் தப்பாகச் சொன்னால் ஆட்டம் முடிந்தது.

"யாரை வேணும்னாலும் கேட்கலாமா சார்?" என்றார் வயர்லெஸ்காரர். அவர் எப்போதும் வாயில் பிஸ்கட்டோடு இருக்கும் பருத்த ஆள்.

"எதிரிப் படகுல இருக்கறவன் மட்டும் சொல்லக் கூடாது. மத்தபடி கரையில யார் கண்ணுல பட்டாலும் பட்டதுதான்."

"தோத்தா?" என்று கேட்டாள் கோபுரத்தம்மா.

பென்சில் சார் டீயைக் கீழே வைத்தார். "தோத்தா கோபுரத்தை மூடிடுவாங்க மேடம். உங்களையெல்லாம் தலைநகரத்து ஹாலுக்கு மாத்திடுவாங்க. அதுக்கு மேல நான் பேசி ஒண்ணும் ஆகாது."

தலைநகரம் ரயிலில் ஒரு முழு நாள் தூரம். அங்கே கடல் கிடையாது. தண்ணீர்ப் படகை எடுத்துக்கொண்டு புருஷன் எங்கே வருவான்? அவனை விட்டுவிட்டு மாமியார் எங்கே வருவாள்? யோசித்துக்கொண்டே படி இறங்கி வீட்டுக்கு வந்தாள்.

வீட்டில் அவன் தலை கால் புரியாத சந்தோஷத்தில் உட்கார்ந்திருந்தான். துறைமுகத்தில், கழுத்தை நன்றாகத் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். எதற்கு என்று கேட்பதற்கு முன்பே இவன் கையைத் தூக்கிவிட்டான்.

"அம்மா, இப்ப உன் முன்னாடி உட்கார்ந்திருக்கறது யாரு தெரியுமா? நாட்டோட எதிரி."

"எதிரிக்கு மீன் ஒண்ணு போதுமா, ரெண்டு வேணுமா?" என்றாள் அம்மா, கரண்டியைத் தட்டிக்கொண்டே.

"ரெண்டு. எதிரிக்குப் பசி ஜாஸ்தி."

கோபுரத்தம்மா தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். "நீங்களா எதிரி? வேற ஆளே கிடைக்கலையா அவங்களுக்கு?"

"ஏன், எனக்கென்ன குறைச்சல்?"

அவள் விஷயத்தைச் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவன் கையிலிருந்த மீன் தட்டுக்குத் திரும்பிப் போயிற்று. அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. பிறகு அவன்தான் சிரித்தான்.

"அட, இவ்வளவுதானே. நான் தோத்துட்டுப் போறேன். ஹாரன் அடிச்சுக்கிட்டே வர்றேன். படகுல விளக்கெல்லாம் போட்டுக்கிட்டு, கல்யாண ஊர்வலம் மாதிரி."

"அப்படி ஜெயிச்சு எனக்குக் கோபுரம் வேண்டாம்." அவளுக்குக் குரல் ஏறிவிட்டது. "நாளைக்கு நெஜமாவே ஒருத்தன் வர்றான். அவனும் எனக்குப் புருஷனா? ஹாரன் அடிச்சுக்கிட்டா வருவான்? என்னால பிடிக்க முடியலைன்னா நான் அங்க உட்கார்ந்திருக்கறதுக்கே அர்த்தம் இல்லைங்க."

"அப்ப நெஜமாவே வரட்டா?"

"வாங்க."

"வந்தா உன்னால பிடிக்க முடியாது. நான் இந்தத் தண்ணியில பொறந்தவன்."

"பிடிச்சுட்டா?"

"பிடிச்சுட்டா ஒரு மாசம் பாத்திரம் நான் கழுவறேன்."

"ரெண்டு பேரும் சாப்பிட்டு முடிச்சுட்டுப் பிடிச்சுக்குங்க," என்றாள் மாமியார். "மீன் ஆறுது."

அவன் உற்சாகம் திரும்பி வந்துவிட்டது. மீனைப் பிய்த்துக்கொண்டே அம்மாவிடம் திரும்பினான். "அம்மா, ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. நாளைக்கு ஒரு நாள் மஞ்சளைத் தொடாதே. சத்தம் கேட்டுச்சுன்னு பழக்க தோஷத்துல மாடிக்கு ஓடிடாதே. மொத்தமும் கெட்டுடும்."

"எனக்குத் தெரியாதா? போடா."

"சத்தியமா?"

"சத்தியம்டா. உனக்காக முன்கயிறு பக்கமே போகல. போதுமா?"

அவன் கை கழுவப் போனதும் மருமகள் மெதுவாகக் கேட்டாள். கேட்கக்கூடாது என்றுதான் நினைத்திருந்தாள், வாய் கேட்கவில்லை.

"நீங்க யார் பக்கம் அத்தை?"

மாமியார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நான் பெத்தது அவனைத்தான். கோபுரத்தையா பெத்தேன்?"

"அப்ப நான் போனாலும் பரவாயில்லையா?"

"போறவ போகத்தான் வேணும். லீவு விட்டா வா."

இத்தனை வருஷம் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசிப் பழகின கோபுரத்தம்மாவுக்கு அன்றைக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. எழுந்து போய்த் துணி மடிக்க ஆரம்பித்தாள். மாமியார் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். மூன்று பேர் வீட்டில் அத்தனை கிழங்கு எதற்கு என்று அவளுக்கே தெரியாமல் கூடை காலியாகும்வரை உரித்தாள். பிறகு அடுப்பில் கஞ்சி வைத்து, யூனிஃபார்மை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நேத்துதானே போட்டீங்க அத்தை?"

"நாளைக்குத் தலைநகரத்துக்காரன் பார்ப்பான். நீ தோத்தாலும் சட்டை தோக்கக் கூடாது."

மறுநாள் விடிவதற்கு முன்பே அவன் போய்விட்டான். கோபுரத்தில் காலையிலிருந்து நல்ல வெளிச்சம். கோபுரத்தம்மா பைனாகுலரைக் கழுத்திலிருந்து இறக்கவில்லை. வயர்லெஸ்காரர் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கப்பல்களைக் கூப்பிட்டார். பென்சில் சார் ஒரு மூலையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தான் எந்தப் பக்கம் என்று முகத்தில் காட்டக்கூடாது என்று ரொம்பப் பாடுபட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் எங்கே ஒளிவான்? அவளுக்குத் தெரியாத ஆளா? முட்டையை உடைக்கிற விதத்திலிருந்து செருப்பைக் கழற்றிப் போடுகிற விதம்வரை தெரியும். பெரிய கப்பலின் நிழலில் ஒட்டிக்கொண்டு வருவானா? தூர்வாரும் கப்பலுக்குப் பின்னால் நிற்பானா? குப்பை ஏற்றிக்கொண்டு போகிற மிதவையோடு சேர்ந்துகொள்வானா? மிதவைக்குப் பின்னால் தார்ப்பாய் மூடிய உருவம் ஒன்று தாழ்வாக அசைந்தது. தண்ணீர்ப் படகின் நீளம்தான்.

"குப்பை மிதவைக்குப் பின்னால சார். தார்ப்பாய் போட்டிருக்கு."

ரோந்துப் படகு பாய்ந்து போயிற்று. கொஞ்ச நேரத்தில் வயர்லெஸ்ஸில் ஒரு பரிதாபக் குரல் வந்தது. "அம்மா, கோபுரத்தம்மா, நான் எதிரி இல்லம்மா. நம்ம வலைக்காரன். இன்ஜின் நின்னுபோச்சு, வெயிலுக்குத் தார்ப்பாய் போட்டுத் தூங்கிட்டேன். துப்பாக்கியை எறக்கச் சொல்லுங்கம்மா."

வயர்லெஸ்காரர் சிரிப்பை அடக்கப் போய் பிஸ்கட் புரையேறிற்று. கோபுரத்தம்மா சிரிக்கவில்லை. ஒரு தப்பு போய்விட்டது. இனி இன்னொன்று தாங்காது.

மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. நின்று நிதானமாகப் பெய்யும் மழை. ஜன்னல் கண்ணாடி முழுக்கத் தண்ணீர் வழிந்தது. ரேடார் திரையில் ரவையைக் கொட்டிவைத்ததுபோலப் புள்ளி புள்ளியாக நிறைந்துவிட்டது. எது மழை, எது படகு என்று பிரிக்க முடியவில்லை. வீட்டிலிருந்து கட்டிக்கொடுத்த ரொட்டி அப்படியே இருந்தது. பொழுது இறங்கிக்கொண்டு வந்தது. இந்த ஜன்னலை இனி பார்க்க முடியாதோ என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை வரப் பார்த்தது. வயர்லெஸ்காரர் ஒரு பிஸ்கட்டை அவள் பக்கம் தள்ளிவைத்தார்.

அப்போது எண்ணெய்க் கப்பல் ஒன்று கழுத்துக்குள் நுழைந்தது. அது வந்ததும் எதிர்க்கரையே மறைந்துபோயிற்று.

"இதோட மறைவுலதான் வருவான்," என்றார் வயர்லெஸ்காரர். "நானா இருந்தா இதைத்தான் பண்ணுவேன். சொல்லிடுங்க மேடம்."

அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. மைக்கைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் கண் ஏனோ ஒரு நொடி கீழே தன் வீட்டுப் பக்கம் போயிற்று. அங்கே மாடியில், கொட்டுகிற மழையில், மஞ்சள் போர்வை தொங்கிக்கொண்டிருந்தது. விரித்துப் போட்டபடி, அகலமாக, முழுசாக.

முதலில் அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. இந்த மழையில் யாராவது போர்வையைக் காயப்போடுவார்களா? அத்தைக்கு என்ன ஆயிற்று? மறு நொடி மைக்கைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது.

மஞ்சள். உன் சத்தம் கேட்டுவிட்டது, வா.

அத்தை காதில் விக்கல் விழுந்திருக்கிறது. அவன் வீட்டுக்குக் கீழே இருக்கிறான். வளைவைப் பார்த்தாள், காலி. எண்ணெய்க் கப்பல் இருக்கும் தூரத்திலிருந்து விக்கல் வீட்டுக்குக் கேட்கவே கேட்காது. காதில் கேட்கிற தூரத்தில், கண்ணுக்குத் தெரியாத இடம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. மலையடி. அங்கே தண்ணீருக்குள் முழுக்கப் பாறை. எந்தப் படகும் போகாது என்பதால் கோபுரமும் அங்கே பார்ப்பதில்லை. ஆனால் இப்போது கடல் ஏறியிருக்கிறது. தொட்டியில் தண்ணீர் இல்லாமல் வெறும் வயிற்றோடு மிதந்தால் அந்தப் படகு பாறைக்கு மேலேயே தவழ்ந்து வந்துவிடும். திருடன்!

பாவம் அத்தை என்று நினைத்தாள். சத்தியம் செய்தும் பிள்ளை சத்தம் கேட்டதும் கை தானாக ஓடியிருக்கிறது. அந்தப் பாசத்தை வைத்து அவனைப் பிடிக்க வேண்டுமா? மனசு ஒரு கணம் பின்வாங்கியது. ஆனால் எதிரி எதிரிதான்.

"மலையடியில சார். எங்க வீட்டு வரிசைக்கு நேர் கீழ. குறுகலைப் பார்த்து வந்துக்கிட்டிருக்கு."

பென்சில் சார் முதல் தடவையாகத் திரும்பினார். "அங்க வெறும் பாறைதானே மேடம்? இது உங்க கடைசி."

"தெரியும் சார். சொன்னது சொன்னதுதான்."

ரோந்துப் படகு மழைக்குள் மறைந்தது. வயர்லெஸ்காரர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். கோபுரத்தில் மழைச் சத்தம் மட்டும்தான். அப்புறம் வயர்லெஸ் கரகரத்தது. வந்தது அவள் புருஷன் குரல்.

"கோபுரம், கோபுரம். எதிரி பேசறேன். கையும் களவுமாப் பிடிச்சுட்டாங்க. டிரம்மு மடியிலதான் இருக்கு. இன்னும் ரெண்டு எட்டு விட்டிருந்தா போட்டிருப்பேன். அடிப்பாவி, எப்படிடி கண்டுபிடிச்சே?"

வயர்லெஸ்காரர் எழுந்து நின்று ஆடினார். அந்த உடம்புக்கு அது பெரிய ஆட்டம். பிஸ்கட் பொட்டலம் பறந்தது. பென்சில் சார் மட்டும் பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் அருகே வந்தார்.

"நானும் அதைத்தான் கேட்கறேன் மேடம். எப்படி?"

அவள் மறைக்கவில்லை. போர்வை, விக்கல், மாமியார், சத்தியம் எல்லாவற்றையும் சொன்னாள். "இது செல்லாதுன்னா செல்லாதுன்னு சொல்லிடுங்க சார். நான் கண்ணால அவரைப் பார்க்கல," என்று முடித்தாள்.

பென்சில் சார் அவளிடமிருந்து பைனாகுலரை வாங்கி, மழையில் தொங்கும் அந்த மஞ்சளை ரொம்ப நேரம் பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று அவள் பயந்தே போனாள். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கரையில யார் கண்ணுல பட்டாலும்னு நான்தானே சொன்னேன்? காதுல பட்டாலும்னு சேர்த்துக்கறேன். அவ்வளவுதான். இந்தக் காதைத் தலைநகரத்து ஹாலுக்கு மாத்த முடியாதுன்னு நான் போய்ச் சொல்லிக்கறேன். கோபுரம் இங்கதான் இருக்கும் மேடம். ஆனா அந்த மலையடிக்கு ஒரு கேமரா வைங்க. அந்தம்மா பாவம், தூங்க வேண்டாமா?"

அவள் வீட்டுக்கு வரும்போது மழை விட்டிருந்தது. ஓட்டுத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த வாசலில் பாதித் தெரு கூடியிருந்தது. நடுவில் அவள் புருஷன், சிவப்பு டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, தோற்ற கதையை ஜெயித்தவன்போல அளந்துகொண்டிருந்தான். வலைக்காரனும் வந்திருந்தான், துப்பாக்கிக்கு முன்னால் தான் எவ்வளவு தைரியமாகத் தூங்கினேன் என்று நடுநடுவே அவன் வேறு.

"என்னை யாராலயும் பிடிச்சிருக்க முடியாது. பாறை மேல பூனை மாதிரி வந்தேன். எல்லாம் எங்கம்மாவால வந்தது. எத்தனை தடவை சொன்னேன், தொடாதே தொடாதேன்னு. பிள்ளை சத்தம் கேட்டதும் தாங்குமா? ஓடிட்டா மாடிக்கு. நல்லவேளை, மழையில நான் தலையைத் தூக்கல. தூக்கியிருந்தா மஞ்சளைப் பார்த்துட்டு நானே ஹாரன் அடிச்சிருப்பேன்!"

தெரு சிரித்தது. மாமியார் கதவோரம் நின்று முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். "என்னடா பண்றது. வயசாச்சு. கை தானாப் போயிடுச்சு."

"விடும்மா. நாட்டுக்காகத் தோத்தேன், அவ்வளவுதான்," என்றான் அவன். முகமெல்லாம் பூரிப்பு. அவ்வளவு பாசமுள்ள அம்மா தெருவில் வேறு எவனுக்கு இருக்கிறாள்?

மருமகள் மாமியாரைப் பார்த்தாள். "நான் போய்ப் போர்வையை எடுத்துட்டு வரேன் அத்தை. நனைஞ்சு கனத்திருக்கும்."

"வேண்டாம், நான் எடுக்கறேன்," என்றாள் மாமியார் சட்டென்று. அதற்குள் இவள் பாதிப் படி ஏறியிருந்தாள்.

மாடியில் ஈரக் காற்று. முன்கயிறு கெட்டியாக, இழுத்துக் கட்டினது கட்டினபடி இருந்தது. அதன் மேல் மழைத்துளி வரிசையாகத் தொங்கியதே தவிர ஒரு கந்தல்கூட இல்லை. அவள் படிக்கட்டு அறையைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள். பின்கயிற்றில், அவள் யூனிஃபார்ம் தொங்கும் இடத்தில், மஞ்சள் போர்வை இருந்தது. காற்றுக்குச் சுருண்டுவிடாதபடி ஓரம் முழுக்க நெருக்கி நெருக்கிக் கிளிப் போட்டு, மலை உச்சியைப் பார்த்து விரித்திருந்தது.

முழுசாகத் தெரிந்ததே என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முன்கயிற்றில் போட்டிருந்தால் ஓரம் மட்டும்தானே தெரிந்திருக்கும்!

பின்னால் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. மாமியார் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள்.

"முன்பக்கம் காத்து ஜாஸ்தியா இருந்துச்சு," என்றாள்.

"அப்படியா அத்தை?"

"ஆமா. அவனுக்குத்தான் சத்தியம் பண்ணிக் குடுத்திருந்தேனே, முன்கயிறு பக்கம் போகமாட்டேன்னு. போகலையே."

மருமகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அத்தை..."

"என்ன அத்தை? நீ பாட்டுக்கு அங்க போயிட்டா உன் சட்டைக்கு யாரு கஞ்சி போடுவா? மெஷின்ல போட்டுக் கசக்கித் தருவானுங்க. காலர் நிக்குமா?" மாமியார் குரல் கொஞ்சம் உடைந்தது, உடனே சரிசெய்துகொண்டாள். "அவன்கிட்ட வாயைத் திறக்காதே. அம்மாவுக்குப் பாசம்னு நெனைச்சுச் சந்தோஷமா இருக்கான். இருந்துட்டுப் போகட்டும். பிடி அந்தப் பக்கம்."

இரண்டு பேரும் போர்வையின் இரண்டு முனையைப் பிடித்து முறுக்கினார்கள். ஒருத்தி வலப்பக்கம், ஒருத்தி இடப்பக்கம், விட்டுக்கொடுக்காமல் முறுக்கினார்கள். சிரித்துச் சிரித்து மருமகளுக்குக் கை நழுவியது. முன்பக்கம் கொண்டுபோய்க் கைப்பிடிச் சுவருக்கு மேலே வைத்துப் பிழிந்ததில் போர்வை குடித்திருந்த மழையெல்லாம் குபுகுபுவென்று கீழே வாசலில் கொட்டியது. கதை உச்சத்தில் இருந்தவன் டிரம்மோடு சேர்ந்து நனைந்தான்.

"யாருடா அது? மழைதான் விட்டுடுச்சே!" என்று கத்தினான் கீழிருந்து.

மாமியார் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"மஞ்சள்தான்டா. சாப்பிட வா. வந்து முதல்ல பாத்திரத்தைக் கழுவு."